ஒபாமாவோடு வந்து போனதா நம்பிக்கை? ஜார்ஜியாவிலிருந்து ஒரு பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: "2008-இல் ஒபாமா ஜெயித்ததும் அமெரிக்காவில் நிறவெறிக்கு முடிவு வந்துவிட்டது என்று எழுதினார்கள். எட்டு வருஷத்தில் டிரம்ப் வந்தார். 2024-இல் மறுபடியும் வந்தார். அங்கே இன உறவு விஷயத்தில் நம்பிக்கை வைக்க இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? ஆகஸ்டில் அட்லாண்டாவுக்குப் படிக்க வருகிறேன், அதனால்தான் கேட்கிறேன்."

இருக்கிறது தம்பி. ஆனால் வெள்ளை மாளிகையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை வைத்து அதை அளந்தால் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மனசு துள்ளும், அல்லது சோர்ந்து விழும். இடையில் நடப்பது எதுவும் கண்ணில் படாது. நான் இருபது வருஷத்துக்கு மேலாக ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்கு வடக்கே ஃபோர்சித் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) குடியிருக்கிறேன். இங்கே நடந்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஃபோர்சித் என்றால் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நல்ல பள்ளிக்கூடங்கள். ஐ.டி. வேலையில் இருக்கும் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் தேடி வந்து வீடு வாங்கும் இடம். பொங்கல் விழாவுக்கு அரங்கம் நிரம்பி வழியும். 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 2.5 லட்சம் மக்கள். ஆறில் ஒருவருக்கு மேல் ஆசிய வம்சாவளியினர். கறுப்பினத்தவர் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான். அட்லாண்டா நகரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பினத்தவர். ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று வீடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை.

1910-இல் இங்கே சுமார் 1,100 கறுப்பினத்தவர் வாழ்ந்தார்கள். சொந்த நிலம், சொந்த சர்ச் எல்லாம் இருந்தது. 1912 செப்டம்பரில் ஒரு வெள்ளைக்கார இளம்பெண் தாக்கப்பட்டாள், பின்னர் இறந்தாள். சந்தேகத்தின் பேரில் பிடிபட்ட ராப் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பின இளைஞரை ஒரு கும்பல் கவுண்டியின் தலைநகரான கம்மிங் ஊர்ச் சிறையிலிருந்து இழுத்துப்போய்க் கொன்று, உடலைச் சதுக்கத்தில் கம்பத்தில் தொங்கவிட்டது. இன்னும் இரண்டு பையன்களுக்கு விசாரணை நடந்தது, ஆளுக்கு ஒரு நாள். இரண்டு பேருக்கும் தூக்கு. அவர்களில் எர்னஸ்ட் நாக்ஸுக்கு வயது 16. அந்தத் தூக்கைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அதோடு விடவில்லை. இரவுகளில் குதிரையில் வந்தவர்கள் வீடுகளைச் சுட்டார்கள், சர்ச்சுகளைக் கொளுத்தினார்கள். சில வாரங்களுக்குள் அத்தனை கறுப்பினக் குடும்பங்களும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. சிலர் நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். விற்க முடியாதவர்களின் நிலத்தை வேறு யாரோ தம்முடையதாக்கிக்கொண்டார்கள்.

அப்புறம் முக்கால் நூற்றாண்டு காலம் இது வெள்ளையர் மட்டுமே வாழும் கவுண்டியாக இருந்தது. 1987 ஜனவரி 17 அன்று, மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை ஒட்டி, ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் நூறு பேர்கூட இல்லாத ஓர் ஊர்வலம் இங்கே வந்தது. 1965-இல் அலபாமா மாநிலத்தின் செல்மா பாலத்தில், வாக்குரிமை கேட்டுப் போன ஊர்வலத்தில், போராட்டத் தலைவர் ஜான் லூயிஸுக்குப் பக்கத்தில் முன்வரிசையில் நடந்து போலீஸிடம் அடிவாங்கியவர் இதே வில்லியம்ஸ்தான். ஃபோர்சித்தில் அவர்கள்மீது கல்லும் பாட்டிலும் பறந்தன. அடுத்த சனிக்கிழமை அவர் திரும்பி வந்தார். இந்த முறை சுமார் 20,000 பேர் கூட வந்தார்கள், கிங்கின் மனைவி கொரெட்டா, அட்லாண்டா மேயர் ஆண்ட்ரூ யங் உட்பட. பாதுகாப்புக்குத் தேசியக் காவல் படை நின்றது. இவ்வளவுக்குப் பிறகும் 1990 கணக்கெடுப்பில் இந்தக் கவுண்டியில் இருந்த கறுப்பினத்தவர் 20 பேர்கூட இல்லை.

நான் கம்மிங் பக்கம் வீடு பார்க்கிறேன் என்று சொன்னபோது, அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு கறுப்பினப் பெண்மணி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்கப்பா அந்தக் கவுண்டியில் பெட்ரோல் போடக்கூட வண்டியை நிறுத்தமாட்டார்." அவர் அட்லாண்டாவிலேயே பிறந்து வளர்ந்தவர், பெரிய படிப்புப் படித்தவர். எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தார். சாம்பாரும் பாயசமும் ருசித்துச் சாப்பிட்டார், என் அம்மாவிடம் கோலம் போடுவது பற்றி அவ்வளவு கேள்வி கேட்டார். ஆனால் பொழுது சாய்வதற்கு முன்பே கிளம்பிவிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த நான் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கி அங்கே குடியேற முடிந்தது. அந்த மாநிலத்தின் மகளுக்கு அங்கே இருட்டும் வரை இருப்பதற்கு மனசு வரவில்லை. இந்த நாட்டின் இனப் பிரச்சினையை எனக்குப் புரியவைத்தது அந்த மாலைதான்.

இதற்கு எண்களும் உண்டு. 2022-இல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கெடுப்பில், சொத்து வரிசையில் நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். அதேபோல நடுவில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்தின் சொத்து சுமார் 45,000 டாலர். ஆறு மடங்கு வித்தியாசம். 'இத்தனை வருஷம் ஆகியும் ஏன் அவர்கள் முன்னேறவில்லை' என்று நம் ஆட்கள் விருந்துகளில் கேட்கும்போது எனக்கு ஃபோர்சித் நிலங்கள்தான் ஞாபகம் வரும். 1912-இல் விட்டுவிட்டுப் போன ஒரு நாற்பது ஏக்கர் இன்று அந்தக் குடும்பத்தின் கையில் இருந்திருந்தால் அதன் மதிப்பு என்ன? இங்கே இப்போது அரை மில்லியன் டாலருக்குக் கீழே நல்ல வீடு கிடைப்பதே அரிது.

இதில் நம்பிக்கை எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். 2021 ஜனவரியில் கம்மிங் ஊர் நடுவில், ராப் எட்வர்ட்ஸ் கொல்லப்பட்டதையும் கறுப்பினத்தவர் விரட்டப்பட்டதையும் சொல்லும் ஓர் உலோகப் பலகை நிறுவப்பட்டது. அதற்காக அலைந்தவர்களில் இந்த ஊர் வெள்ளைக்காரர்களும் உண்டு. பின்னர் உள்ளூர் சர்ச்சுகள் சில சேர்ந்து, விரட்டப்பட்ட குடும்பங்களின் வாரிசுகளுக்குக் கல்லூரி உதவித்தொகை தொடங்கின. போன நிலத்துக்கு இது ஈடாகாது. ஆனால் எண்பது வருஷம் யாரும் வாய் திறக்காத ஊரில் இது சின்ன விஷயமும் இல்லை.

இதைவிடப் பெரியதாக நான் நினைப்பது ஒரு தீர்ப்பை. 2020 பிப்ரவரியில் தெற்கு ஜார்ஜியாவில் பிரன்ஸ்விக் அருகே, அஹ்மத் ஆர்பெரி என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். மூன்று வெள்ளைக்காரர்கள் பிக்கப் வண்டிகளில் துரத்தினார்கள். அவர்களில் ஒருவர் சுட்டுக் கொன்றார். திருடன் என்று நினைத்துப் பிடிக்கப் போனோம் என்றார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் கைது இல்லை. கொலையின் வீடியோ வெளியே வந்து நாடே கொதித்த பிறகுதான் கைது செய்தார்கள். விசாரணைக்கு அமைந்த ஜூரியில் (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) 12 பேரில் 11 பேர் வெள்ளையர் என்றதும் என் நண்பர்கள் பலர் கையை விரித்துவிட்டார்கள். 2021 நவம்பரில் அந்த ஜூரி மூன்று பேரையும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. இதற்கிடையில் மாநிலச் சட்டமன்றம் வெறுப்புக் குற்றங்களுக்கு எதிரான சட்டத்தை நிறைவேற்றியது. சாதாரண ஆளும் இன்னொருவரைப் பிடித்துக் கைது செய்யலாம் என்று 1863-இல், அடிமை முறை இருந்தபோதே வந்த சட்டத்தையும் ரத்து செய்தது. இரண்டிலும் கையெழுத்திட்டவர் டிரம்பின் கட்சியான குடியரசுக் கட்சியின் கவர்னர் பிரையன் கெம்ப். 1912-இல் ஒரே நாளில் முடிந்த அந்த விசாரணைகளுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

வாக்குரிமைக் கதையும் இதே மாதிரி மேலும் கீழுமாகத்தான் போயிருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்து, 1868-இல் ஜார்ஜியா சட்டமன்றத்துக்குக் கறுப்பின உறுப்பினர்கள் தேர்வானார்கள். அவர்களில் 33 பேரை, கறுப்பினத்தவர் வாக்களிக்கலாம், பதவி வகிக்க முடியாது என்று சொல்லி அதே வருஷம் வெளியே அனுப்பினார்கள். பின்னர் திரும்பச் சேர்த்தார்கள். பிறகு வாக்குவரி, எழுத்தறிவுத் தேர்வு, வெள்ளையர் மட்டும் வாக்களிக்கும் உட்கட்சித் தேர்தல் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மறுபடி அடைத்தார்கள். செல்மா ரத்தத்துக்குப் பிறகு, 1965 ஆகஸ்ட் 6-இல் ஜனாதிபதி ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் அது திறந்தது. மிசிசிப்பியில் அதற்கு முன் வாக்களிக்கும் வயதுக் கறுப்பினத்தவரில் 7 சதவீதம்கூடப் பட்டியலில் இல்லை. இரண்டே வருஷத்தில் 60 சதவீதத்தை நெருங்கியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஜார்ஜியாவில் 50 சதவீதத்துக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கும் இரண்டாம் சுற்று நடக்கும். 1964-இல் வந்த விதி. வெள்ளையர் ஓட்டுப் பல பேருக்குப் பிரிந்து, கறுப்பினத்தவர் ஒட்டுமொத்தமாகப் போட்ட ஆள் ஜெயித்துவிடக்கூடாது என்பதே நோக்கம். அதைக் கொண்டுவந்த சட்டமன்ற உறுப்பினர் டென்மார்க் க்ரூவர் தனக்கு அந்த இனவெறுப்பு இருந்ததைப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2020 நவம்பர் செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜான் ஆசாஃப் இரண்டாவதாகத்தான் வந்தார். முதலில் வந்தவர் 50 சதவீதத்தை மயிரிழையில் தவறவிட்டதால் இரண்டாம் சுற்று வந்தது. 2021 ஜனவரி 5 அன்று கறுப்பின வாக்காளர்கள் திரண்டு வந்து ஆசாஃபையும், கிங் போதித்த எபனேசர் பாப்டிஸ்ட் சர்ச்சின் போதகர் ரஃபேல் வார்னாக்கையும் செனட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களை அடக்கி வைக்க எழுதிய விதியே அவர்களுக்கு வழிவிட்டது. ஜார்ஜியாவின் முதல் கறுப்பின செனட்டர் வார்னாக். பிறர் வயலில் பருத்தி பறித்த 82 வயதுக் கைகள் தன் கடைசி மகனை செனட்டராகத் தேர்ந்தெடுத்தன என்று தன் அம்மாவைப் பற்றி அன்றிரவு பேசினார். எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம்.

மறுநாள் ஜனவரி 6, தேர்தலில் தோற்ற டிரம்பின் ஆதரவாளர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த நாள். அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடியை ஒருவர் தோளில் சாய்த்தபடி நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் நடந்து போனார். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இரண்டையும் பார்த்தோம். இதில் எது உண்மையான அமெரிக்கா என்று கேட்டால், இரண்டும்தான்.

2020 ஜனாதிபதித் தேர்தலில் நான் மறக்காமல் வைத்திருப்பது இரண்டு விஷயங்கள். பைடன் ஜார்ஜியாவில் ஜெயித்தது 11,779 ஓட்டு வித்தியாசத்தில். அதைவிட ஒரு ஓட்டு அதிகமாகக் கண்டுபிடித்துத் தரும்படி டிரம்ப் தொலைபேசியில் கேட்டபோது, தேர்தல் பொறுப்பில் இருந்த பிராட் ராஃபென்ஸ்பெர்கர் மறுத்தார். அவரும் குடியரசுக் கட்சிக்காரர், டிரம்புக்கே ஓட்டுப் போட்டவர். இன்னொன்று, அட்லாண்டாவில் ஓட்டு எண்ணிய ஒரு கறுப்பினத் தாயும் மகளும். தாய் மகளிடம் எதையோ கொடுப்பது வீடியோவில் தெரிகிறது, அது யு.எஸ்.பி. டிரைவ், மோசடி நடக்கிறது என்று டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி ஊர் முழுக்கச் சொன்னார். கொலை மிரட்டல்கள் வந்தன. தாய் வீட்டைவிட்டு இரண்டு மாதம் வெளியே இருக்க வேண்டி வந்தது. 2022 ஜூனில் நாடாளுமன்றக் குழுமுன் மகளிடம் உங்கள் அம்மா என்ன கொடுத்தார் என்று கேட்டார்கள். இஞ்சி மிட்டாய் என்றார். ஜூலியானி 148 மில்லியன் டாலர் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று 2023 டிசம்பரில் ஜூரி தீர்ப்பளித்தது. ஆனால் மகள் தேர்தல் வேலையை விட்டே போய்விட்டார். தன் பாட்டிக்கு ஓட்டு எவ்வளவு முக்கியம் என்று கேட்டு வளர்ந்து, அதனாலேயே அந்த வேலைக்கு வந்தவர். தீர்ப்பு நியாயமானது, நஷ்டம் நஷ்டம்தான்.

கிடைத்ததைத் திரும்பப் பிடுங்குவதும் நிற்கவில்லை. 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான பிடியைத் தளர்த்தியது. பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றும் முன் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும் என்பது அதோடு போயிற்று. மழையில் நனையவில்லை என்பதற்காகக் குடையைத் தூக்கி எறிவது போல இருக்கிறது என்று மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். வார்னாக் ஜெயித்த மூன்றே மாதத்தில் ஜார்ஜியா புதிய தேர்தல் சட்டம் போட்டது. இரண்டாம் சுற்றுக்கான ஒன்பது வார அவகாசம் நான்கு வாரமானது. வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பதும் குற்றமானது. இதனால் ஓட்டு குறையவில்லையே, 2022-இல் கூட்டம் அதிகமாகத்தானே வந்தது என்று ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். வந்தது உண்மை. தடை வைத்தும் வந்தார்கள் என்பதால் தடை நியாயமாகிவிடாது என்பது என் கருத்து. அந்த டிசம்பரில் வார்னாக் மறுபடி இரண்டாம் சுற்றுக்குப் போய் மறுபடி ஜெயித்தார்.

சரி, ஒபாமா. அந்த வெற்றியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அன்றே ஒரு கணக்கு தெளிவாக இருந்தது: வெள்ளை வாக்காளர்களில் அவருக்குக் கிடைத்தது 43 சதவீதம். 1964-க்குப் பிறகு எந்த ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி வேட்பாளருக்கும் வெள்ளையரில் பெரும்பான்மை கிடைத்ததில்லை. ஆக, 2008-இல் நாடு மனம் மாறிவிட்டது என்பது எழுதியவர்களின் ஆசை. ஒபாமாவே அப்படிச் சொல்லவில்லை. அந்த மார்ச் மாதம் பிலடெல்பியாவில் இனம் பற்றிப் பேசியபோது, கறுப்பின சர்ச்சுகளில் தேங்கிய கோபத்தையும் வெள்ளைத் தொழிலாளிகளின் மனக்குறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினார். தெருவில் எதிரே வரும் கறுப்பின ஆண்களைக் கண்டு தனக்குப் பயம் என்று சொன்ன, தன்னை வளர்த்த வெள்ளைக்காரப் பாட்டியைப் பற்றியும் பேசினார். வேலை முடியவில்லை என்றுதான் அந்தப் பேச்சு முழுக்கச் சொல்கிறது. அதேபோல 2024-ஐயும் வெறும் நிறவெறி என்று எழுதிவிட முடியாது. கறுப்பின, லத்தீன் ஆண்களில் ஒரு பகுதியே டிரம்ப் பக்கம் போனார்கள். வாடகையும் முட்டை விலையும் அவர்களையும்தான் அழுத்தின. அவர்கள் யாருடைய நிரந்தர ஓட்டு வங்கியும் இல்லை.

நம்மவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. 1923-இல் பகத் சிங் தின்ட் என்ற இந்தியருக்கு, அவர் வெள்ளையர் அல்லர் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் குடியுரிமையை மறுத்தது. 1946-க்குப் பிறகும் இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர் என்றுதான் ஒதுக்கீடு. அந்தக் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டம் 1965 அக்டோபர் 3-இல் கையெழுத்தானது. வாக்குரிமைச் சட்டம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதே நாடாளுமன்றம், அதே ஜனாதிபதி. கறுப்பினத்தவர் தெருவில் இறங்கி நாட்டைத் தலைகுனிய வைக்காமல் இருந்திருந்தால், பிறந்த நாட்டையும் இனத்தையும் பார்த்து ஆளை எடுக்கும் முறை அப்போது ஒழிந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் வேர் கொண்ட குடும்பத்தின் பேத்தி கமலா ஹாரிஸ் துணை ஜனாதிபதி ஆனதும், நாங்கள் எல்லாம் எச்-1பி விசாவில் வந்து இறங்கியதும் அந்தப் போராட்டத்தின் நிழலில்தான். அதே நாம், 'அந்தப் பக்கம் போகாதே, அங்கே அவங்க நிறையப் பேர் இருக்காங்க' என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறோம். எனக்கு இது மிகவும் வலிக்கிற விஷயம்.

1965 ஜூலை 4 அன்று எபனேசர் சர்ச்சில் கிங் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். 1959-இல் இந்தியா போனபோது, கேரளாவில் தாழ்த்தப்பட்ட குழந்தைகள் படித்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தாராம். முதலில் சுருக்கென்றது, பிறகு யோசித்துப் பார்த்ததும், ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று தோன்றியது என்றார். சாதியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இவர்கள் சொல்வது புரியாமல் போவதற்குக் காரணமே இல்லை. என் பிள்ளைகள் தலைமுறைக்கு அது புரிகிறது. ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட 2020 கோடையில், இதே கம்மிங்கில் நடந்த ஊர்வலத்துக்குப் பதாகை எழுதிக்கொண்டு போன பிள்ளைகளில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

நீங்கள் வருவது பற்றி: பயப்பட வேண்டாம். எந்தப் பெரிய நகரத்திலும் போல இரவில் கவனமாக இருங்கள், அவ்வளவுதான். முதல் மாதத்திலேயே மார்ட்டா ரயிலில் கிங் மெமோரியல் நிறுத்தத்தில் இறங்கி ஆபர்ன் அவென்யூவுக்கு நடந்து போங்கள். கிங் பிறந்த வீடு, எபனேசர் சர்ச், அவர் கல்லறை எல்லாம் ஒரே தெருவில் இருக்கின்றன. ஞாயிறு வழிபாட்டுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். நானும் போயிருக்கிறேன், கைபிடித்து உட்கார வைப்பார்கள். உங்கள் வகுப்பில் இருக்கும் கறுப்பின மாணவர்களிடம் அவர்கள் தாத்தா பாட்டி எந்த ஊர் என்று கேளுங்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இங்கே டிரைவிங் லைசன்ஸ் எடுக்கும்போது வாக்காளர் பதிவு பற்றியும் படிவத்தில் கேட்பார்கள். மாணவர் விசாவில் இருக்கும் நீங்கள் தவறிக்கூட அதற்கு 'ஆம்' என்று போடாதீர்கள். பின்னால் குடியேற்ற விஷயத்தில் பெரிய சிக்கலாகிவிடும். ஓட்டுப் போட முடியாதே தவிர, கட்சி சார்பில்லாத தன்னார்வக் குழுக்களோடு சேர்ந்து முதியவர்களை வாக்குச்சாவடிக்குக் காரில் அழைத்துப் போக எந்தத் தடையும் இல்லை. 2026 நவம்பரில் கவர்னர் தேர்தலும் ஆசாஃபின் செனட் தேர்தலும் வருகின்றன. அந்த வாரம் வண்டி ஓட்ட ஆள் தேவைப்படும்.